கூரையைப் பார்த்த பிறகு கம்பி வாங்குங்கள்: மலையகத்து வீட்டில் போல் டான்ஸ் கார்டியோ

"சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்" என்றார் டொக்டர். எங்கே நடப்பது? நான் இருப்பது ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில். பள்ளிக்கூடம் விட்டு வீடு வந்து சேர மூன்றரை மணி. வைகாசியில் பிடிக்கும் மழை ஆவணி வரை விடாது. ஆறேகாலுக்கு இருட்டிவிடும். மெயின் றோட்டு வளைவில் பஸ் வந்தால் ஒதுங்க இடமில்லை, தேயிலைக்குள் இறங்கினால் அட்டை. வீட்டுக்குள்ளேயே மூச்சு வாங்கி வியர்க்க, அதாவது கார்டியோ செய்ய, ஒரு வழி தேடியபோதுதான், நிமிர்த்திய கம்பியைப் பிடித்துச் சுற்றி ஆடும் போல் டான்ஸ் வீடியோ ஒன்று போனில் கண்ணில் பட்டது.

ஆரம்பித்து ஒழுங்காக வியர்ப்பதற்கு எனக்கு ஏழு மாதம் ஆனது. அதற்குள் ஒரு குழாய் வீணானது, இடுப்பில் ஒரு அடி விழுந்தது, வீட்டுக்காரம்மாவுடன் ஒரு மனஸ்தாபமும் வந்தது. நீங்கள் இதை ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

1. முதலில் உடம்பைக் காட்டுங்கள்

கம்பிக்குப் பணம் கட்டும் முன் இதைச் செய்யுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிரஷர், சீனி, உயரம், எடை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். தேசிய அடையாள அட்டையையும் பழைய கிளினிக் கொப்பி இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியிருக்கும், அதனால் காலையிலேயே போவது நல்லது. எனக்கு அரை நாள் லீவு போனது.

பெண்கள் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நம் பக்கத்தில் இரத்தச்சோகை சாதாரணம். இரத்தம் குறைவாக இருக்கும்போது கம்பியைச் சுற்றினால் தலையும் சேர்ந்து சுற்றும்.

கர்ப்பிணிகள், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், வலிப்பு உள்ளவர்கள், தோள்மூட்டு ஒருமுறை விலகியவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் கேளுங்கள், இந்தப் பயிற்சியில் தோல் கன்றிப்போவது சகஜம். சீனிக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆரம்பிக்கக் கூடாது. டொக்டரிடம் "போல் டான்ஸ்" என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் "கம்பியைப் பிடித்துத் தொங்கும் உடற்பயிற்சி" என்று சொல்லுங்கள். அவருக்குத் தேவையான தகவல் அதுதான்.

2. கூரை

எல்லாரும் கம்பியைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது கூரையை.

வீட்டுக்கு விற்கும் கம்பிகளில் பெரும்பாலானவை அழுத்தக் கம்பிகள். துளை போட வேண்டாம், தரைக்கும் மேல்தட்டுக்கும் இடையில் திருகி இறுக்கினால் நிற்கும். அப்படி நிற்க மேலே கொங்கிறீட் தட்டோ, கனமான பீமோ வேண்டும். தகரம், அஸ்பெஸ்டஸ், பலகை சீலிங் எதுவும் சரிவராது. நம் பக்கத்து வாடகை வீடுகளில் மேல்மாடிக்குத் தகரக் கூரைதான் போட்டிருப்பார்கள், அதற்குக் கீழே அழகாக வெள்ளை சீலிங் அடித்திருப்பார்கள். பார்த்தால் கொங்கிறீட் மாதிரியே இருக்கும். தும்புத்தடிக் காம்பால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பெட்டி போலச் சத்தம் வந்தால் அது சீலிங். மேலே ஒரு குடும்பம் குடியிருந்தால் அநேகமாகத் தட்டு இருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் சும்மா நம்பாமல் வீட்டைக் கட்டிய மேசன் பாஸையோ வேறொரு பாஸையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். எனக்கு 2,500 ரூபா செலவானது. ஐந்து அங்குலத் தட்டு, பீம் இந்த இடத்தில் ஓடுகிறது என்று சோக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தார்.

அடுத்தது உயரம். எக்ஸ்போல் கம்பெனியின் எக்ஸ்பர்ட் வகைக் கம்பி 2235 மில்லிமீற்றரிலிருந்து 2745 மில்லிமீற்றர் வரை நிற்கும். அதாவது ஏழு அடி நான்கு அங்குலம் முதல் ஒன்பது அடி வரை. அதற்கு மேல் உயரமென்றால் நீட்டுத்துண்டு தனியாக வாங்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துக் குவாட்டர்ஸில் இருப்பவர்கள் இங்கேயே தடுக்கி விழுவார்கள். உயரமும் அதிகம், மேலே இருப்பதோ பலகை.

பிறகு சுற்றுவட்டம். கம்பி நிற்கும் புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் ஐந்தடி காலியாக இருக்க வேண்டும். அலமாரி மூலை கணுக்காலில் பட்டால்தான் ஐந்தடி எதற்கு என்று புரியும்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவர்களுக்கு நேராகவே சொல்கிறேன், நானும் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் வளர்ந்தவள்தான். அங்கே கம்பி வேண்டாம். தகரத்தைத் தாங்கும் மரச்சட்டம் அதற்காகப் போட்டதல்ல, தோட்டத்து வீட்டில் மாற்றம் செய்ய நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். கூரை தேவைப்படாத மேடைக் கம்பி என்று ஒரு வகை உண்டு. ஆனால் அடித்தட்டே காம்பராவில் பாதியைப் பிடித்துக்கொள்ளும், எடையும் ஐம்பது கிலோவைத் தாண்டும், கம்பி உச்சி தகரத்தில் இடிக்கும். உங்களுக்கு எட்டாம் படியில் வேறு வழி சொல்லியிருக்கிறேன்.

3. வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள்

நான் வாயால் மட்டும் கேட்டேன். "எக்சர்சைஸ் கம்பியா, வைங்க மகள்" என்றார் வீட்டுக்காரம்மா. கம்பி நின்ற இரண்டாம் வாரம் அவருடைய மாடித் தரையில் டைல்ஸ் ஒன்று தூக்கிக்கொண்டது. அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த டைல்ஸ் என்று பாஸ் சொல்லியும் பேச்சு வளர்ந்தது.

அதனால் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த அறை, துளை போடமாட்டேன், போகும்போது மேல்தட்டுப் பெயின்டில் வட்டத் தழும்பு இருந்தால் பூசிக் கொடுப்பேன். இவ்வளவு போதும். இருவரும் கையெழுத்துப் போட்டு வாடகை ஒப்பந்தத்துடன் சேர்த்து வையுங்கள். பொருத்தும் முன் மேல்தட்டையும் மாடித் தரையையும் திகதி விழுகிற மாதிரிப் போட்டோ எடுங்கள். ஒப்பந்தம் முடிய ஆறு மாதத்துக்குள்தான் இருக்கிறது என்றால், புதுப்பித்த பிறகு கம்பியை வாங்குங்கள்.

4. எந்தக் கம்பி, எவ்வளவு

முதல் பொறி வெல்டிங் கடை. 11,000 ரூபாவுக்கு ஒன்றரை அங்குல ஜீ.ஐ. குழாயில் மேலும் கீழும் தகடு வைத்து, ரோல் பிளக் அடித்துப் பொருத்தித் தந்தார்கள். பொருத்திய இடம் அப்போது நான் இருந்த மாடி வீடு, அதுவும் சீலிங்குக்கு மேல் ஓடிய ஒரு சட்டத்தில். ஜீ.ஐ. குழாயின் நாகப்பூச்சு சொரசொரவென்று உள்ளங்கையைக் கிழிக்கும், சாம்பல் நிறமாக ஒட்டும். மூன்றாம் வாரம் மேல்தகடு பிடுங்கிக்கொண்டு வந்தது. நல்லவேளை, இரண்டு காலும் தரைக்குப் பக்கத்தில்தான் இருந்தன. பல்கனிக் கைப்பிடிக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் குழாயும் வேண்டாம். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், சுவர் மெல்லியது, உடம்பு பாரத்துக்கு வளையும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: விட்டம் 45 மில்லிமீற்றர், போட்டிகளிலும் பெரும்பாலும் இதுதான். 50 மில்லிமீற்றரும் கிடைக்கும், சின்னக் கைகளுக்குத் தடிப்பாக இருக்கும். மேற்பூச்சில் குரோம் பரவலானது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள், கவரிங் நகை போட்டால் அரிக்கிறவர்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியாகப் பாருங்கள். பித்தளை நன்றாகப் பிடிக்கும், விலை அதிகம். சிலிக்கோன் உறை போட்டது உடுப்போடு செய்ய வசதி, ஆனால் வழுக்கி இறங்க முடியாது. நிலைக் கம்பி, சுழல் கம்பி இரண்டுமாக மாற்றக்கூடியது கிடைத்தால் நல்லது, முதல் மூன்று மாதம் நிலையாகவே பூட்டி வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பி முந்நூறு டொலருக்கு மேல், கூரியருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சுங்கத் தீர்வையை வெறும் கம்பி விலைக்குப் போடமாட்டார்கள், அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள். அதற்கு மேல் வற் வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். அடையாள அட்டைப் பிரதி, விலைப்பட்டியல், பணம் கட்டிய ரசீது மூன்றும் கையில் இருக்க வேண்டும். விலைப்பட்டியலில் 'உடற்பயிற்சிக் கருவி' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வெறும் 'இரும்புக் குழாய்' என்று வந்தால் விளக்கம் சொல்லியே நாள் போய்விடும்.

கடைசியில் வெளிநாடு போகும் ஒருவர் கொழும்பில் விற்ற பழைய குரோம் கம்பியை 85,000 ரூபாவுக்கு வாங்கினேன். பழையது வாங்குவதென்றால் நேரில் போங்கள். துண்டுகளைப் பொருத்தும் இணைப்பு இறுகுகிறதா, மேற்பூச்சு எங்கேயாவது உரிந்திருக்கிறதா, அடியில் திருகும் மரை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலும் கீழும் உள்ள இறப்பர் வளையம் வெடித்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

5. மலைக்குக் கொண்டுவருவது

இருபது கிலோ சொச்சம், நீளமான பெட்டி. பஸ் கண்டக்டர் ஏற்றமாட்டார், வான் பிடித்தால் கம்பி விலையில் கால்வாசி போய்விடும். இங்கிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடைச் சந்தைக்குப் போகும் லொறி திரும்பும்போது வெறுமையாகத்தான் வருகிறது. தெரிந்த மரக்கறி வியாபாரியிடம் சொல்லி 3,000 ரூபாவுக்கு வீட்டு வாசலில் இறக்கினேன். என்ன, பெட்டி முழுக்கக் கோவா வாசம்.

6. நிறுத்துவது

ஒரு மணி நேர வேலை, இரண்டு பேர் வேண்டும். பாஸ் போட்ட பீம் கோட்டில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் மற்றப் புள்ளியைக் குறியுங்கள். சிவப்புச் சீமெந்துத் தரை மெழுகு போட்டிருந்தால் அந்த இடத்தைச் சுரண்டித் துடையுங்கள், மெழுகில் அடித்தட்டு நகரும். கம்பியை நிறுத்தி ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள், பிறகு இறுக்குங்கள். அளவுக்கு மீறி முறுக்கினாலும் தட்டில் வெடிப்பு வரும், கையேடு சொன்ன அளவோடு நிறுத்துங்கள்.

சோதிப்பதற்கு, நெஞ்சு உயரத்தில் இரு கையாலும் பிடித்து முழுப் பாரத்தையும் வெளியே சாய்த்து இழுங்கள். அசைந்தால் கழற்றி மறுபடி நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை இந்தச் சோதனையைத் திருப்பிச் செய்யுங்கள், தொடர்ந்து பாவித்தால் இறுக்கம் கொஞ்சம் விடும்.

7. குளிர், ஈரம், எண்ணெய்

வீடியோவில் கற்றுத் தருகிறவர்கள் எல்லாம் வெயில் ஊர்க்காரர்கள். "கை வியர்க்கிறது, மக்னீசியம் பூசுங்கள்" என்பார்கள், அது கையைக் காய வைக்கும் வெள்ளைத் தூள். நமக்குப் பிரச்சினை தலைகீழ். மார்கழி, தை மாதக் காலையில் கம்பி ஐஸ் மாதிரி இருக்கும், காய்ந்து குளிர்ந்த தோல் அதில் பிடிக்கவே பிடிக்காது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாக்காரர்களுக்கு இன்னும் மோசம். சுடுதண்ணீரில் பிழிந்த துணியால் கம்பியை மேலிருந்து கீழாக இரண்டு தரம் உருவி, உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். பிறகு கையால் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றுங்கள். மூடுபனி உள்ளே வருகிற நேரம் ஜன்னலைத் திறந்தால் கம்பியில் முத்து முத்தாகத் தண்ணீர் படியும், அன்றைக்கு விட்டுவிடுங்கள். மேற்பூச்சு உரிந்த இடத்தில் துருவும் ஏறும், முடிந்ததும் துடைத்து வையுங்கள்.

அறையைச் சூடாக்க மூடிய அறைக்குள் கரியடுப்பு வைக்காதீர்கள். கரி விடும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. மூச்சு வாங்கும் நேரத்தில் அதை இன்னும் அதிகமாக இழுப்பீர்கள்.

எண்ணெய்தான் நம் வீடுகளின் தனிப் பொறி. தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் பின்னலிலிருந்து தோளுக்கு இறங்கி, அங்கிருந்து கம்பிக்குப் போகும். முடியைக் கொண்டையாகக் கட்டுங்கள், அன்று கை காலுக்குக் கிரீம் வேண்டாம். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும் முன் துடையுங்கள், அடுப்பும் சாமி விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு எல்லாம் கழற்றுங்கள், குரோமில் கீறல் விழும், விரலும் நசுங்கும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கொடியைப் பின்பக்கம் தள்ளி உடுப்புக்குள் இறுக்கிச் செருகுங்கள். நான் கழற்றிச் சாமித் தட்டில் வைத்துவிடுவேன். அம்மாவுக்குத் தெரியாது.

கட்டைக் காற்சட்டை எதற்கு என்று கேட்பார்கள். தோல்தான் பிடிக்கும், துணி வழுக்கும். ஆனால் கார்டியோவுக்குக் கால் பெரும்பாலும் தரையில் இருப்பதால், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் காற்சட்டை தாராளமாகப் போதும். வெறுங்கால் நல்லது, காலுறையோடு செய்தால் விழுவீர்கள்.

8. இதயத்தைத் துடிக்க வைப்பது

முதல் மாதம் நான் செய்தது இதுதான்: மூன்று விநாடி ஒரு சுற்று, பிறகு இரண்டு நிமிடம் இடுப்பில் கைவைத்து வீடியோ பார்ப்பது. நாடித்துடிப்பு 95ஐத் தாண்டவில்லை. முழங்கைதான் செத்துப்போனது. கம்பியில் தொங்குவது பலத்துக்கான பயிற்சி, பழகாதவருக்கு மூச்சு வாங்கும் முன் பிடி விட்டுப்போகும். மூச்சு வாங்க வேண்டுமென்றால் கம்பியைச் சுற்றிக் கால் ஓயாமல் ஓட வேண்டும். கம்பி வெறும் அச்சாணி.

எவ்வளவு துடிக்க வேண்டும்? 220இலிருந்து வயதைக் கழியுங்கள். எனக்கு 34, ஆக 186. அதில் 64 முதல் 76 சதவீதம் வரை நடுத்தர வேகம், எனக்கு 119 முதல் 141. மணிக்கட்டில் 15 விநாடி எண்ணினால் 30 முதல் 35 வர வேண்டும். எண்ணத் தெரியாவிட்டால் பேசிப் பாருங்கள். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்றால் சரியான இடம். பிரஷருக்கு பீற்றா புளொக்கர் என்ற, நாடியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு நாடிக்கணக்கு பொருந்தாது, பேச்சுக்கணக்கையே பாருங்கள்.

சூடேற்ற முழுதாகப் பத்து நிமிடம். கொழும்பில் ஐந்து போதுமோ என்னவோ, இங்கே போதாது. நின்ற இடத்தில் நடை, தோள் சுழற்றல், மணிக்கட்டு, இடுப்பு, கடைசி இரண்டு நிமிடம் முழங்காலைத் தூக்கித் தூக்கி.

பிறகு நான்கு நிமிடச் சுற்று. ஒவ்வொன்றும் 40 விநாடி, இடையில் 20 விநாடி மெதுநடை.

முதலாவது, உள்பக்கக் கையால் தலைக்குச் சற்று மேலே பிடித்து நுனிக்காலில் வேகநடை. எட்டுக் காலடிக்கு ஒருமுறை கை மாற்றித் திசை மாற்றுங்கள். இரண்டாவது, இரு கையாலும் நெஞ்சளவில் பிடித்து அரைமண்டியில் இறங்கி எழும்புவது, எழும்பும்போது ஒரு முழங்கால் மேலே வர வேண்டும். கையால் இழுத்து எழும்பாதீர்கள், தொடைதான் தூக்க வேண்டும். மூன்றாவது, வெளிக்காலை அரைவட்டமாக வீசி ஒரு திருப்பம், உடனே மறுகை, மறுபக்கம். நான்காவதுதான் ஃபயர்மேன் சுற்று. இரண்டு காலடி நடந்து, உள்கை தலைக்கு மேல், வெளிக்கை நெஞ்சளவில், இரண்டு முழங்காலுக்கும் இடையில் கம்பியைக் கவ்விச் சுற்றிக்கொண்டே இறங்குவது. இறங்கியதும் நிற்காமல் நடந்து மறுபக்கம் ஒன்று. 40 விநாடியில் மூன்று வந்தால் நல்லது.

முதல் இரண்டு வாரம் நான்காவதை விட்டுவிட்டு முதலாவதையே திருப்பிச் செய்யுங்கள். ஒரு சுற்றில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒன்று கூட்டி, நான்கில் நிறுத்துங்கள். அது பதினாறு நிமிடம். கடைசியில் ஐந்து நிமிடம் மெதுநடை, தொடையும் முன்கையும் நீட்டி விடுதல். வலது பக்கம் எத்தனையோ இடது பக்கமும் அத்தனை. எனக்கு வலது தோள் மட்டும் பெருத்து, பிளவுஸ் கை ஒன்று இறுகியது.

கம்பியைச் சுற்றிப் பாய் விரிக்காதீர்கள், நடக்கும்போது அதன் ஓரம் தடுக்கும். தும்பு மெத்தை போட்டால் கணுக்கால் பிரளும். மேலே ஏறப் பழகும் காலத்தில் தடிப்பான பாதுகாப்பு மெத்தை வாங்கலாம். கார்டியோவுக்கு ஏறவே தேவையில்லை, தலைகீழாகத் தொங்குவது ஆசிரியர் இல்லாமல் கூடவே கூடாது.

லயத்தில் இருப்பவர்களுக்கு நான் சொன்ன வேறு வழி இதுதான்: முதல் மூன்றும் கம்பியில்லாமலே வரும். வாசல் இஸ்தோப்பில் சோக்கட்டியால் ஒரு புள்ளி வைத்து அதைச் சுற்றுங்கள். அரைமண்டிக்குப் பிடிமானம் தேவையில்லை. மூச்சு வாங்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை, கம்பி விழுந்து கிடந்த இரண்டு மாதம் நானே இப்படிச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

9. நாள் கணக்கு

வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிட நடுத்தர உழைப்பு. மூன்று பதினாறு 48, சூடேற்றலில் பாதியைச் சேர்த்தாலும் 63தான். மீதியை நடந்துதான் நிரப்ப வேண்டும். மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு ஆட்டோ பிடிக்காமல் போவது, இப்படி. கம்பி வாங்கிவிட்டேன், நடை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நேரம் எனக்கு மாலை நான்கு முதல் ஐந்து வரை. வெளியே இருட்டி உள்ளே லைட் போட்டால் திரைச்சீலைக்கு மேல் நிழல் ஆடும், எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குத் தியேட்டர்தான். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கம்பியைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், சித்திரைப் புதுவருசத்துக்கு வழுக்குமரம் ஏறவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இப்போது அவரும் செவ்வாய், வியாழன் வருகிறார், அரைமண்டி என்னைவிட நன்றாக இறங்குகிறார். இருவர் செய்வதென்றால் சுற்று நேரத்தை மாற்றிப் பிடியுங்கள், ஒருவர் கம்பியில் இருக்கும்போது மற்றவர் ஐந்தடிக்கு வெளியே நிற்க வேண்டும்.